மாமன் பங்குக் குமட்டல்

மாத்திரை போட்டது செண்பகவல்லி. தூங்கி விழுந்தது அவள் புருஷன் தவமணி.

அதுவும் எங்கே? பள்ளிக்கூடப் பேருந்தில். பேருந்து தானாகவே ஓடுகிற வகை என்பதால் பிள்ளைகளுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் ஏறுகிற பிள்ளையைக் கைபிடித்து ஏற்ற, இறங்குகிற பிள்ளையை வீட்டு ஆள் கையில் ஒப்படைக்க, நடுவில் அடிதடி வந்தால் விலக்கிவிட ஒரு மனுஷன் வேண்டுமே, அந்த மனுஷன்தான் தவமணி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வண்டியில் அவர் கண்ணயர்ந்து யாரும் பார்த்தது கிடையாது. அன்றைக்கு இலுப்பையூரணி விலக்கு தாண்டுவதற்குள் வாயைப் பிளந்துவிட்டார். பிள்ளைகள் சும்மா இருக்குமா? ஸ்கெட்ச் பேனாவால் முறுக்கு மீசை வரைந்து, நெற்றியில் மூன்றாவது கண்ணும் திறந்துவிட்டுத்தான் இறங்கிப் போயின.

அவர் கண்ணாடியைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்து, கை கழுவி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். செண்பகவல்லி சிரித்த சிரிப்பில் சோற்றுக் கரண்டி கைநழுவிப் போய்விட்டது. சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மனுஷன் தூங்கியது அவளுடைய தூக்கம் அல்லவா?

ஆதியிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும்.

செண்பகவல்லி கோவில்பட்டியில் ஹாக்கி நடுவர். பந்துக்குள்ளே சில்லு, கோல் கம்பத்துக்குள்ளே கண் என்றெல்லாம் வந்து, கொஞ்ச காலம் மெஷினே நடுவராக இருந்தது. தீர்ப்பில் பிசகே கிடையாது. ஆனால் பார்க்க வருகிற கூட்டம் குறைந்துகொண்டே போனது. விசாரித்தால், நாம் திட்டுவது அதற்கு உறைக்கவே மாட்டேன் என்கிறது, அப்புறம் ஆட்டம் பார்த்து என்ன ருசி என்றார்கள். மறுபடி மனுஷரையே கூப்பிட்டார்கள். அவர்களில் நன்றாகத் திட்டு வாங்கி, அதைவிட நன்றாகத் திருப்பிக் கொடுக்கிறவள் செண்பகவல்லி. அவள் விசிலுக்கு ரயில்வே கேட் திறக்கும் என்று ஊரில் கேலி உண்டு.

சாத்தூர் சாலையில் ஒரு மழை நாளில் அவள் வந்த பேருந்து வழுக்கிக் கவிழ்ந்தது. எலும்பு கூடிவிட்டது; நரம்பு கூடவில்லை. இடுப்பிலிருந்து குதிகால் வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ சொருகிச் சொருகி உருவுகிற மாதிரி ஒரு வலி. தைலம், ஒத்தடம், பெல்ட், ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் வலி மருத்துவமனையில் அபின் வகையைச் சேர்ந்த மாத்திரையைச் சின்ன அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். வலி கேட்டது. கேட்டது என்றால் அப்படிக் கேட்டது. முதல் நாளே வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து, யாருக்கோ பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆனால் ஒரு விருந்தாளியைக் கூப்பிட்டால் கூடவே நாலு பேர் வந்து பாயை விரித்துப் படுத்த கதையாகிவிட்டது. தூக்கம், குமட்டல், அரிப்பு, அப்புறம் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காத அந்தச் சங்கடம். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், சிலது உடம்புக்குப் பழகிவிடும் என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். பல்லைக் கடித்தால் குமட்டல் நிற்குமா? ஒரு வாரம் போடுவாள், நிறுத்துவாள். வலி வந்து உட்காரும், மறுபடி போடுவாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்போதுதான் ‘தாங்கி’ வந்தது. அதற்குப் பெரிதாக ஒரு பெயர் உண்டு. ஜனங்கள் வாயில் நின்றது தாங்கிதான். பாதை ஓரத்தில் சுமையை இறக்கி வைக்க நட்டிருக்கும் கல்லை நினைத்து யாரோ வைத்த பெயர். நோயாளியின் தோளில் ஒரு ஒட்டு, தாங்குகிறவர் பிடரியில் ஒரு ஒட்டு. அவ்வளவுதான் சாமான்.

நர்ஸ் ரோஸ்லின் அதை விளக்கிச் சொன்னாள். தூத்துக்குடிக்காரி, சின்ன வயசு, எதையும் சமையல்கட்டுச் சமாச்சாரம் மாதிரிப் பேசுவாள்.

"மருந்து வலியப் புடிக்கப் போகுதுல்லாக்கா, அது நேராப் போகாது. போற வழியில நாலு கதவைத் தட்டிட்டுப் போகும். அந்த நாலு கதவையும் உங்ககிட்ட சாத்திட்டு, இன்னொருத்தங்க வீட்டுல தொறந்து விடுறோம்."

"சாத்துனது சாத்துனபடியே இருக்கக் கூடாதா?"

"ஒண்ணைச் சாத்துனா எங்கயாவது ஒண்ணு தொறந்துதாங்க்கா ஆகணும். அதுக்கு இன்னும் வழி கண்டுபுடிக்கல."

தாங்குகிறவர் சொந்தபந்தமாக இருக்க வேண்டும், விருப்பப்பட்டு வர வேண்டும் என்பது சட்டம். முதலில் அப்படி இல்லை. பெரிய ஊர்களில் வசதியானவர்கள் வீட்டு வேலைக்கு வந்தவர்களைப் பிடித்து ஒட்டிவிட்டு, தாங்கள் விருந்துக்குப் போய் வந்தார்கள். இவர்கள் பாத்திரம் தேய்க்கிற இடத்திலேயே வாந்தியெடுத்துக் கிடந்தார்கள். அது வெளியே வந்து நாறிய பிறகுதான் சட்டம் போட்டார்கள். சட்டம் வந்து என்ன? மருத்துவமனை பெஞ்சில் தாங்கியாக வந்து உட்கார்ந்திருக்கிறவர்களில் முக்கால்வாசி மருமகள்கள். விருப்பப்பட்டுத்தான் வந்தாயா என்று ரோஸ்லின் கேட்டால், மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்பார்கள். அந்தப் பெஞ்சைச் செண்பகவல்லி பார்த்துவிட்டாள். கல்லூரியில் படிக்கிற மகள் மின்மொழி நான் தாங்குகிறேன் என்று வந்தபோது, போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்று விரட்டிவிட்டாள்.

மிச்சம் இருந்தது தவமணி. அவர் மறுபேச்சுப் பேசாமல் பிடரியைக் காட்டினார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கோடைக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குச் செண்பகவல்லியை நடுவராகப் போடுவதாக ஹாக்கி சங்கம் சொல்லியிருந்தது. முழு ஆட்டமும் ஓடி நின்று காட்டினால் நடுவர் வரிசையில் அவள் பெயர் இருக்கும். முடியாவிட்டால் எடுத்துவிடுவார்கள். குளுகுளு அறையில் உட்கார்ந்து மெஷினுக்குத் துணையிருக்கிற வேலை ஒன்று இருக்கிறது, கௌரவமானது, அதைத் தருகிறோம் என்றார்கள். திட்டு வாங்காத வேலை எனக்கு எதுக்கு என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஆனால் தவமணியின் உடம்பு வாகு அப்படி. சில பேருக்கு ஒரு வாய் பாயசமே திகட்டும் இல்லையா, அந்த ஜாதி. அவளுக்கு ஒரு பங்கு வந்தது அவருக்கு இரண்டு பங்காக ஏறியது. மீசை வரைந்த மறுநாளே பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, ஒன்று தூக்கம், இல்லை வேலை, எது வேண்டும் என்று கேட்டார்கள். செண்பகவல்லி அவர் பிடரி ஒட்டைப் பிய்த்து எடுத்தாள். மாத்திரை டப்பாவைத் தூக்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். வலியோடேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். தவமணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

மின்மொழிதான் யாரிடமும் சொல்லாமல் மாமனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

இந்த மாமன் அய்யாப்பழம், செண்பகவல்லிக்கு ஒரே அண்ணன். கடலைமிட்டாய் போடுகிறவர். ஆள் ஆறடி, குரல் ஏழடி. மின்மொழிக்குக் காதுகுத்து வைத்த அன்றைக்கு அவர் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன் முறை அது. சரிகைக் கரை வேட்டியைப் புதிதாக எடுத்துக் கட்டிக்கொண்டு, சீர்த்தட்டோடு புறப்பட்டவரை ரயில்வே கேட் மறித்துவிட்டது. இங்கே நல்ல நேரம் முடியப் போகிறது. தவமணி கையைப் பிசைந்துவிட்டு, தன் சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்திவிட்டார். அய்யாப்பழம் வந்து பார்த்தால், மருமகள் யாரோ ஒருவன் மடியில் உட்கார்ந்து அழுகிறாள். சீர்த்தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். பிள்ளை உட்கார்ந்து கசங்க வேண்டிய வேட்டி, மடிப்புக் கலையாமல் வீடு போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து தங்கச்சியோடு போனில் பேச்சு உண்டு. அவள் வாசல்படி மிதிப்பதும் இல்லை, தவமணியோடு ஒரு வார்த்தையும் இல்லை.

அவர்தான் மறுநாள் காலை வாசலில் வந்து நின்றார். வெல்லப்பாகு வாசனை அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்துவிட்டது.

"ஏ செம்பகம். நான் உசுரோட இருக்கேனா, செத்துட்டேனா?"

"என்னண்ணே பேச்சு இது. உள்ள வா."

"வர்றது இருக்கட்டும். உன் வாந்திய எவனோ எடுப்பான், கூடப் பொறந்தவன் கேள்விப்பட்டுட்டு கடலை வறுத்துக்கிட்டு இருக்கணும். அப்படித்தான?"

"எவனோ இல்லண்ணே. எங்க வீட்டுக்காரக."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கொதிக்கிற பாகு பக்கத்தில் நிற்கிறவன் நீ, தூங்கி விழுந்தால் என்ன ஆகும், அதனால்தான் கேட்கவில்லை என்று அவள் எடுத்துச் சொன்னாள். கேட்காதது அவர் நல்லதுக்குத்தான் என்பது அவருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அது வேறு, இது வேறு.

"விழுந்தா என் பாகுல நான் விழுதேன். ஒரு வார்த்தை கேட்டு, நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா நீ பேசணும். காதுகுத்துக்கும் கேக்கல, இதுக்கும் கேக்கல."

உள்ளே தவமணி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு மகளிடம் சொன்னார்.

"வாசல்ல நிக்கிறவகள காப்பி குடிச்சிட்டுப் போகச் சொல்லு, தாயி."

"உள்ள இருக்கவக கிட்ட நான் காப்பி குடிக்க வரலன்னு சொல்லு, மருமவளே."

நடுவில் நின்ற மின்மொழி இரண்டு பக்கமும் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் கேட்டுருச்சு. நான் சொல்லணுமா?"

இதற்குள் அடுத்த தெருவிலிருந்து தவமணியின் அக்கா சந்தனமாரி வந்து சேர்ந்துவிட்டாள். சண்டை வாசனை அவளுக்குக் கருவாட்டு வாசனை மாதிரி, தெரு தாண்டியும் இழுக்கும். வந்ததும் வராததுமாக இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"கட்டிக் குடுத்தாச்சுன்னா அவ எங்க வீட்டுப் பிள்ள. வாந்தியும் எங்க வீட்டு வாந்தி. நீங்க யாரு வந்து கேக்க?"

செண்பகவல்லி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வலி கொன்றுகொண்டிருந்தது. இருந்தாலும், தன் மலச்சிக்கலுக்கு வாசலில் இத்தனை பேர் உரிமை கொண்டாடுவதைக் கேட்க யாருக்குக் கொடுத்து வைத்திருக்கும் என்று ஒரு பக்கம் சிரிப்பாகவும் வந்தது.

சண்டை அப்படியே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனது.

ரோஸ்லின் முதலில் பயந்துவிட்டாள். இவர்கள் ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிடத்தான் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தாள். அங்கே தினமும் நடப்பது அதுதான். எனக்குத்தான் வேண்டும் என்று சண்டை என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சில் இருந்த மருமகள்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, இங்க ஒரு நோயாளிக்கு ஒரு தாங்கி வர்றதே பெரும்பாடு. இழுத்துட்டு வருவாக. நீங்க என்னன்னா மூணு பேரக் கூட்டிட்டு வந்துருக்கீக."

"நான் எங்க கூட்டிட்டு வந்தேன்? என்னையத்தான் தூக்கிட்டு வந்தாக."

பங்கு பிரித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டது சந்தனமாரிதான். வயல் பிரிக்கலாம், வீடு பிரிக்கலாம், இதைப் பிரிக்கக் கூடாதா என்றாள். ரோஸ்லின் டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டுக்கொண்டார். பிறகு, செய்யலாம், இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் நாங்களும் யோசித்ததில்லை என்றார். ஒருவர் ஒருவராக உடம்பைச் சோதித்துப் பார்த்து, யாருக்கு எது ஒத்துவருகிறதோ அதைக் கொடுக்கச் சொன்னார்.

சொத்துப் பிரிக்கிறபோது எனக்குக் குறைந்துவிட்டது என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கலாம். அங்கேயும் அதேதான் நடந்தது. தூக்கத்தைச் சோதிக்க அய்யாப்பழத்துக்கு ஒரு துளி கொடுத்ததும், மனுஷன் சோதனைக் கட்டிலே அதிரக் குறட்டை விட்டார். பெண்டாட்டி ஊருக்குப் போனால் தூக்கம் வராது, வந்தால் அவள் குறட்டையில் தூக்கம் வராது என்று வருஷக்கணக்காக முழித்துக் கிடந்தவர். எழுந்ததும் இதை எனக்கே எழுதிவிடுங்கள் என்றார். புதிதாக வந்த ஒட்டில், தூக்கத்தை மட்டும் பகலில் பிடித்து வைத்து ராத்திரியில் அவிழ்த்துவிட வசதி இருந்ததால் பாகுப் பயமும் இல்லை. சந்தனமாரிக்கு எதைச் சாப்பிட்டாலும் வயிறு நிற்காது. திருச்செந்தூர் போவதென்றால் வழியில் எங்கெங்கே கக்கூஸ் என்று விசாரிக்காமல் வண்டி ஏறியதில்லை. மலச்சிக்கல் அவளுக்கு வரமாகப் போய்விட்டது. அரிப்பை, கட்டினவனுக்கு ஒன்றாவது வேண்டும் என்று தவமணி வாங்கிக்கொண்டார்.

மிச்சம் குமட்டல். அது மட்டும் யாருக்கும் வரமாகாது. யார் உடம்பிலும் குமட்டல் குமட்டல்தான்.

இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

"மாமன் பங்குக்கு அது. சிஸ்டர், அவகள்ட்ட கையக் கீழ போடச் சொல்லுங்க."

"கட்டினவன் இருக்கையில மாமனுக்கு என்னன்னு அவகள்ட்ட கேளுங்க, சிஸ்டர்."

ரோஸ்லின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கப் பார்த்தது. செண்பகவல்லி பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள். ஆஸ்பத்திரியே நின்றது.

"குமட்டல் எனக்கு. யாருக்கும் கிடையாது. ஒண்ண நான் தாங்கிக்கிறேன். தூங்கி விழாம இருந்தாப் போதும் எனக்கு."

நடுவர் தீர்ப்புக்கு மேல் பேச்சு உண்டா? இல்லை என்று இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு, ஆளுக்கொரு ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

முதல் நாள் குமட்டத்தான் செய்தது. மறுநாள் லேசாக. அதற்கு அடுத்த நாளிலிருந்து, ஆச்சரியம், ஒன்றுமே இல்லை. சந்தனமாரி இஞ்சிமரப்பா கிண்டிக் கொடுத்திருந்தாள். என் கைப்பக்குவம் எப்படி என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். இருக்கும் என்று செண்பகவல்லியும் நம்பினாள். வாய்விட்டு நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் ஏதோ இருக்கேன் என்றாள். நல்லா இருக்கேன் என்று சொல்லிக் கண்ணைப் பட வைத்துக்கொள்ள அவள் என்ன பைத்தியமா?

காலையில் மைதானத்தைச் சுற்றி நடந்தாள். பிறகு ஓடினாள். இடுப்பில் கம்பி இருந்தது, ஆனால் காய்ச்சாத கம்பி. தவமணியின் முதுகைப் பேருந்துப் பிள்ளைகள் முறை வைத்துச் சொறிந்துவிட்டார்கள். அதற்குக் கூலியாக ஜன்னல் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். சந்தனமாரி திருச்செந்தூருக்கு எங்கும் நிற்காமல் போய்விட்டு வந்தாள். வந்தவள் கர்வத்தில் கொய்யாக்காயாகத் தின்று, பிறகு விளக்கெண்ணெய் தேடியது தனிக்கதை.

இரண்டு விஷயம் மட்டும் செண்பகவல்லி கண்ணில் இடறியது. ஒரு நாள் அண்ணன் பட்டறைக்குப் போயிருந்தாள். பாகு பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உறைந்ததும் எடுத்து வாயில் போட்டுக் கடக்கென்று கடிப்பது அய்யாப்பழத்தின் வழக்கம். அவர் பல்லுக்குத் தெரியாத பதம் கிடையாது. அன்றைக்கு அதை எடுத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, வேலையாள் கையில் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். பல் ஆடுகிறது போல என்று நினைத்துக்கொண்டாள். இன்னொன்று வீட்டில். சாளைமீன் குழம்பு வைத்த நாளில் தவமணி விரதம் என்றார். எந்தச் சாமிக்கு என்றால், எல்லாச் சாமிக்கும் என்றார். சொந்தக் கல்யாணத்தன்றே தாலி கட்டுவதற்கு முன்னால் இட்லி தின்ற மனுஷன். ஆட்டம் நல்லபடி நடக்க வேண்டிக்கொண்டிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

இறுதி ஆட்டம். கோவில்பட்டிப் பெண்களும் திருநெல்வேலிப் பெண்களும். ஊரே வந்துவிட்டது, அதில் பாதி செண்பகவல்லியைத் திட்டுவதற்கென்றே வந்தது. இரண்டு வருஷப் பாக்கி அல்லவா? பெரிய கேலரியில் நடுவில் சந்தனமாரியும் மின்மொழியும். அவர்களுக்கு இந்தக் கோடியில் தவமணி, அந்தக் கோடியில் அய்யாப்பழம். மருத்துவமனையிலிருந்து அவளைக் கவனிக்க ரோஸ்லின் ஓரமாக நின்றாள்.

விசில் வாயில் ஏறியதும் செண்பகவல்லிக்கு வேறு நினைப்பு இல்லை. பந்து போகிற இடமெல்லாம் அவளும் போனாள். வியர்வை கொட்டியது. கண் தெளிவாக இருந்தது. மூன்றாவது கால் பகுதி முடிந்து தண்ணீர் குடிக்கிறபோது பழக்கத்தில் கேலரியைப் பார்த்தாள். இந்தக் கோடியும் காலி, அந்தக் கோடியும் காலி.

திக்கென்றது. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து போனார்கள் என்றால் வேறு எதற்காக இருக்கும்? இத்தனை வருஷம் பேசாத பேச்சையெல்லாம் கையால் பேசப் போயிருப்பார்கள். ஓடிப் போய்ப் பார்க்கலாம் என்றால் ஆட்டம் இருக்கிறது. மின்மொழியைப் பார்த்துக் கையாட்டினாள். அம்மா ஆட்ட உற்சாகத்தில்தான் கையாட்டுகிறாள் என்று நினைத்து அந்தப் பெண்ணும் சந்தோஷமாகக் கையாட்டியது.

கடைசிக் கால் பகுதி. இரண்டு பக்கமும் சமம். முடிய ஒரு நிமிஷமோ என்னமோ இருக்கையில், கோல் முன்னால் அரைவட்டத்துக்குள் ஒரே நெரிசல். பந்து உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் கால் விரலில் பட்டும் படாமலும் உரசிப் போனது. செண்பகவல்லி பார்த்துவிட்டாள். ஊதினாள். திருநெல்வேலிக்குப் பெனால்டி கார்னர்.

கேலரி பொங்கிவிட்டது. கம்பியருகே நின்ற ஒரு ஆள் தொண்டை கிழியக் கேட்டான்.

"செம்பகம், நீ திங்கிறது எந்த ஊரு சோறு?"

"சோறு இந்த ஊருதாம்ல. பந்து பட்டதும் இந்த ஊரு காலுலதான்."

அவனைச் சுற்றியிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். கார்னரை உள்ளூர்க் கோல்காரப் பெண் விழுந்து தடுத்தாள். ஆட்டம் ஷூட் அவுட்டுக்குப் போய், கோவில்பட்டி ஜெயித்த பிறகு, ஊர் அவளையும் மன்னித்துவிட்டது. சங்கத்துக்காரர் ஓடி வந்து கையைக் குலுக்கி, அடுத்த போட்டிக்கும் நீங்கள்தான் என்றார். அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேலரிக்குப் பின்னால் ஓடினாள்.

அங்கே ஒரு வேப்பமரம். மரத்தடியில் இருந்து குரல் கேட்டது. அடிதடிக் குரல் இல்லை.

"மாப்ள, முடிஞ்சதா? இன்னும் இருக்கா?"

"தெரியல மச்சான். உங்களுக்கு?"

"எனக்கென்ன, நீங்க ஆரம்பிச்சா வருது."

செண்பகவல்லி அப்படியே நின்றுவிட்டாள். அய்யாப்பழம் மரத்தில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தலைவைத்து, கண்ணை மூடிப் படுத்திருந்தார் தவமணி. ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தபடி, மறு கையால் மிட்டாய் அட்டைப்பெட்டி மூடியை விசிறிக்கொண்டிருந்தார் அண்ணன். பக்கத்தில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் ஒன்று. ஒன்றே ஒன்று.

அவளைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார்கள். விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பங்கு பிரித்த அன்று சாயங்காலமே அய்யாப்பழம் மருத்துவமனைக்குப் போய், குமட்டலை எனக்கு மாற்றிவிடுங்கள், அந்த ஆளுக்குத் தெரிய வேண்டாம் என்று ரோஸ்லினிடம் கேட்டிருக்கிறார். அவர் போன பிறகு தவமணி வந்து அதையே கேட்டிருக்கிறார், அதே வார்த்தையில். ரோஸ்லின் என்ன செய்வாள்? ஆளுக்குப் பாதி வைத்துவிட்டாள். தாங்குகிறவர்கள் சம்மதம் போதும். குமட்டலை விட்டுக்கொடுக்க நோயாளியைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எழுத மறந்திருந்தார்கள். இன்றைக்கு வேப்பமரத்தடிக்கு ஒருவர் வாந்தியெடுக்க வந்த இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் பிடரி ஒட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது?

"மொதல்ல கேட்டது நான்தான் செம்பகம். அதை மட்டும் நீ ஒத்துக்கணும்," என்றார் அய்யாப்பழம்.

"கேட்டது நீங்க மச்சான். மொதல்ல வாந்தி எடுத்தது நான்," என்றார் தவமணி, கண்ணைத் திறக்காமலே.

இதற்குள் ரோஸ்லின் ஒட்டைப் படிக்கிற சின்னத் திரைக் கருவியோடு ஓடி வந்தாள். இருவர் பிடரியிலும் அதைக் காட்டிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. செண்பகவல்லியின் தோளிலும் வைத்துப் பார்த்தாள். பிறகு அவள் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, இவக ரெண்டு பேரு ஒட்டுலயும் குமட்டல் பங்கு போன வாரத்துல இருந்தே காலியா கெடக்கு. சுமக்க ஒண்ணும் வரல."

"பழுதா?"

"பழுது இல்லக்கா. உங்களுக்குக் குமட்டல் நின்னுபோச்சு. டாக்டர் அப்பமே சொன்னாகல்லா, சிலது பழகிரும்னு. ஒரு வாரத்துக்கு மேல நீங்க மாத்திரைய விடாமப் போட்டதே இல்ல. இவக தாங்குனதுனாலதான் இவ்வளவு நாள் போட்டீக. உடம்பு பழகிக்கிச்சு. மலச்சிக்கல் பழகாது, அது பெரியக்காட்டயே இருக்கட்டும். குமட்டலுக்கு இனி தாங்கியே வேண்டாம்."

செண்பகவல்லி மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இப்ப என்னத்த வாந்தி எடுக்காக?"

"உங்க வீட்டுக்காரக நீங்க எங்க விழுந்துருவீகளோன்னு பயத்துலயே எடுத்துருக்காக. அவகளப் பாத்து இவக. இவகளப் பாத்து மறுபடி அவக." ரோஸ்லின் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். "சொல்லி அந்தப் பங்க எடுத்துறட்டுமாக்கா?"

மரத்தடியில் பேச்சு வளர்ந்துகொண்டிருந்தது. காதுகுத்தன்று ரயில்வே கேட்டை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று அய்யாப்பழம் விலாவாரியாகச் சொல்ல, போன் போட்டிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கே வந்திருப்பேனே மச்சான் என்று தவமணி கோபித்துக்கொண்டிருந்தார். தலை மட்டும் மடியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அண்ணன் கட்டியிருந்தது அந்தச் சரிகைக் கரை வேட்டி என்பதை அப்போதுதான் கவனித்தாள். தங்கச்சி நிற்கிற ஆட்டம் என்று பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இப்ப வேண்டாம் சிஸ்டர்," என்றாள் செண்பகவல்லி. "இன்னும் கொஞ்ச நாள் தாங்கட்டும்."

வேட்டி நன்றாகக் கசங்கியிருந்தது.